ஈர்ப்பலையும் ஈர்ப்புத் துணிக்கையும்

மேலே எறிந்த கல் கீழே வீழ்கின்றது. கொக்கோ மரத்திற் பழுத்த காயும், மலையிலிருந்து பாயும் அருவியும் அங்ஙனமே. ஈர்ப்பு என்னும் விசையைப் பள்ளியிற் கற்குமுன்னரே, நடைபயிலும் பருவத்தில் விழுந்தெழுந்து நாம் அறிந்துகொள்கின்றோம். எனினும் இயற்கையின் விசைகளுள் இன்றுவரை அறிஞர்க்கு முழுதும் வயப்படாது நிற்பதும் இதுவே. நம் தீவுக்குத் தெற்கேயுள்ள இந்துமாகடலில் ஈர்ப்புக் குறைவினாலே கடல்மட்டம், கணித்த மட்டத்திலும் ஏறக்குறைய 106 மீற்றர் தாழ்ந்து கிடக்கின்றது. 1948 இல் ஒல்லாந்து அறிஞர் வெனிங் மைனெசு கப்பலிற் சென்று அளந்தறிந்த இத்தாழ்வுக்கு நிகரானது புவியில் வேறெங்கும் இல்லை. அதன் காரணத்தைப்பற்றி நிலவியலார் இன்னும் வாதிடுகின்றனர். ஆயினும் இக்கட்டுரை கடலைப்பற்றியதன்று. ஈர்ப்பினைச் சுமந்து செல்வது யாது, அதன் இயல்புகளை எவ்வாறு சோதிக்கலாம் என்பதே இங்கு ஆராயப்படுவது.

ஒளி அலையாகவும் பரவுகின்றது, துணிக்கைகளாகவும் நடந்துகொள்கின்றது. ஒளியின் துணிக்கையைப் போட்டன் என்கிறோம். மின்காந்த விசை போட்டன்களாலே கொண்டுசெல்லப்படுவதுபோல, ஈர்ப்பு விசையும் ஒருவகைத் துணிக்கையாற் கொண்டுசெல்லப்படல் வேண்டும் என்று கருதிய உருசிய அறிஞர் இருவர் 1934 இல் அதற்குக் கிராவித்தன் என்னும் பெயரை வழங்கினர். தமிழில் அதனை ஈர்ப்புத் துணிக்கை எனலாம். இதனை இதுவரை ஒருவரும் தனியே கண்டிலர். ஆயினும் அது உளதாயின் எவ்வியல்புகளை உடையதாயிருக்கும் என்று கொள்கை கூறுகின்றது: அதற்குத் திணிவு இல்லை, அது ஒளியின் கதியிலேயே செல்லும், அதன் கறங்கல் எண் 2. காணாத ஒன்றின் இயல்பைச் சோதிப்பது எங்ஙனம் என மாணவர் வினவலாம். பல்லாயிரங்கோடி போட்டன்கள் கூடி ஒளியலையாகத் தோன்றுவதுபோலவே, எண்ணிறந்த ஈர்ப்புத் துணிக்கைகள் கூடியதே ஈர்ப்பலை. அலையின் நடையை நுணுகி அளந்தால் துணிக்கையின் இயல்பு வெளிப்படும்.

இதனால் ஆவதென்ன என்றும் வினவலாம். 1935 இல் சப்பானிய அறிஞர் யுகாவா எடுத்துக்காட்டியபடி, விசையைச் சுமக்கும் துணிக்கைக்குத் திணிவு இருப்பின் அவ்விசையின் எட்டும் தூரம் எல்லைப்பட்டுவிடும். ஈர்ப்புத் துணிக்கைக்கு எத்துணைச் சிறிதேனும் திணிவு இருக்குமாயின், நியூற்றன் கண்ட நேர்மாறு வர்க்க விதி ஒரு தூரத்துக்கப்பாற் பொய்த்துப்போம். அதற்குமேல், விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டொன்று விரைவுற்று விலகிச் செல்கின்றன என்பது 1998 இல் அறியப்பட்டது. இவ்விரைவுக்குக் காரணம் ஏதோ ஒரு மறைபொருளா, அன்றி ஈர்ப்பின் விதியே நெடுந்தூரத்தில் மாறுபடுகின்றதா என்பது இன்றும் தீராத வினா. ஆகவே இத்துணிக்கையின் திணிவை அறிய முயல்வது வெறும் எண் விளையாட்டன்று.

ஈர்ப்பலைகள் உண்டென்று ஐன்ஸ்தைன் 1916 இல் எழுதினார். பின்னர் அவரே அதனை ஐயுற்ற காலமும் உண்டு. அவை நேரிற் பிடிபட ஒரு நூற்றாண்டு சென்றது. 2015 ஆம் ஆண்டு செத்தெம்பர் 14 ஆந் திகதி திங்கட்கிழமை, நம் நாட்டு நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடத்தில், அமெரிக்காவின் இலிவிங்ஸ்தன், ஹான்போட் என்னும் ஈரிடங்களில் அமைந்த லைகோக் கருவிகள் ஓர் அலையைப் பதிந்தன. இலிவிங்ஸ்தனை அடைந்து ஏறக்குறைய ஆயிரத்திலேழு செக்கன் கழித்து அது ஹான்போட்டை அடைந்தது. ஞாயிற்றின் திணிவைப்போல 36 மடங்கும் 29 மடங்கும் உடைய இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுருண்டு மோதி, 62 மடங்குடைய ஒரு கருந்துளையாயின. எஞ்சிய 3 மடங்கு திணிவும் ஈர்ப்பலையாய் வெளிப்போந்தது. அது 130 கோடி ஆண்டு பயணஞ்செய்து நம்மை அடைந்தது. மாத்தளை நகரையும், அன்று அங்கிருந்தார் அனைவரையும் அது ஊடுருவிச் சென்றது, ஒருவரும் உணர்ந்திலர். உணர்தல் இயலுமா? லைகோவின் ஒவ்வொரு புயமும் 4 கிலோமீற்றர் நீளமுடையது. மாத்தளைப் பட்டினத்திலிருந்து அலுவிகாரை மட்டும் செல்லுந் தூரத்திலும் சற்றே கூடியது. அத்துணை நீளத்தில் அவ்வலை விளைத்த மாற்றம் ஒரு புரோத்தனின் விட்டத்தில் நானூற்றிலொரு பங்கு. இதனை அளந்த பணிக்காக வைஸ், தோண், பரிஷ் என்னும் மூவர்க்கும் 2017 இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இனித் திணிவைச் சோதிக்கும் முறையைக் காண்போம். மாசிமகத்தன்று நம்மூர் முத்துமாரியம்மன் கோயிலினின்று ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புறப்படுவதைப் பார்த்திராத பழைய மாணவர் இரார். ஒவ்வொரு தேருக்கும் இடையே ஒரே இடைவெளி விட்டு, எல்லாத் தேர்களையும் ஒரே கதியில் இழுத்தால், வீதியின் எம்முனையில் நின்று நோக்கினும் அவ்விடைவெளி மாறாது. முதலிற் புறப்பட்ட தேர் மெல்லவும், பின்னவை விரைந்தும் செல்லுமாயின் எப்படியிருக்கும்? செல்லச் செல்லப் பின்தேர் முன்தேரை நெருங்கும். வீதி நீளமாக ஆக நெருக்கமும் கூடும். தேர்கள் புறப்பட்ட ஒழுங்கை அறிந்த ஒருவர், வீதிக் கடைசியில் நின்றே அவற்றின் கதி வேறுபாட்டைக் கணித்துவிடலாம்.

சுருண்டு நெருங்கும் கருந்துளைகள் வெளிவிடும் அலையும் இத்தகையதொரு பவனியே. முதலில் மீடிறன் குறைந்த அலை புறப்படுகின்றது. மோதல் அணுக அணுக மீடிறன் ஏறுகின்றது. 2015 இன் அலை செக்கனுக்கு 35 அதிர்விலிருந்து 250 அதிர்வுவரை ஏறக்குறைய ஐந்திலொரு செக்கனில் உயர்ந்தது. துணிக்கைக்குத் திணிவு இல்லையெனின் எல்லா மீடிறனும் ஒரே கதியிற் செல்லும். திணிவு இருப்பின், சத்தி குறைந்த துணிக்கை பின்தங்கும்; மீடிறன் குறைந்தாற் சத்தியும் குறையுமாதலின், முதலிற் புறப்பட்ட பகுதியே பின்தங்கும். பின்வருவது அதனை நெருங்க, அலை முழுவதும் சற்றே நசுங்கி வந்துசேரும். ஓர் உதாரணம் கணித்துப் பார்ப்போம். துணிக்கையின் திணிவு, இலத்திரன்வோல்ற்று என்னும் அலகில், 1.2 ஐ 1 இன் பின் 22 பூச்சியமிட்ட எண்ணால் வகுத்த அளவினது என்று கொள்வோம். 130 கோடி ஆண்டுப் பயணத்தின் முடிவில், 35 அதிர்வுடைய பகுதி ஒளியினும் ஏறக்குறைய எழுபதிலொரு செக்கன் பிந்தும். 250 அதிர்வுடைய பகுதியோ மூவாயிரத்தைந்நூற்றிலொரு செக்கனே பிந்தும். ஐந்திலொரு செக்கனே நீடித்த ஓர் ஒலிக்குறிப்பில் எழுபதிலொரு பங்கு செக்கன் நசுக்கம் என்பது கண்ணுக்குத் தப்பாத வேறுபாடு. அங்ஙனம் ஒன்றும் காணப்படவில்லை. ஆகவே திணிவு அவ்வளவைக் கடவாது என்று முடிவாயிற்று.

இவ்வழியை முதலில் வகுத்துக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் கிளிபட் வில்; ஆண்டு 1998. அலை பிடிபடுதற்குப் பதினேழாண்டு முன்னரே வழி ஆயத்தமாயிருந்தது என்பது நோக்கற்பாலது. ஆனால் தேர் புறப்பட்ட ஒழுங்கு தெரியாவிடின் இச்சோதனை ஒன்றுக்கும் உதவாது. கருந்துளைகள் எக்கணத்தில் எம்மீடிறனை வெளிவிடும் என்பதை ஐன்ஸ்தைனின் சமன்பாடுகளிலிருந்து படிப்படியாகக் கணித்தெடுத்தல் வேண்டும். அது பல்லாண்டுக் கணக்கு வேலை. பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பாலா ஐயர், பிளாஞ்சே, தமூர் முதலிய பிரெஞ்சு அறிஞரோடும் கிளிபட் வில்லோடும் கூடி 1995 இல் வெளியிட்ட கணிப்பு இத்துறையின் அடித்தளக் கற்களுள் ஒன்று. பின்னர்ச் சென்னைக்கு அணித்தாயுள்ள சிறுசேரியிலே சென்னைக் கணித நிறுவனத்தில் ஆசிரியப் பணி ஏற்ற கே. ஜி. அருண், 2009 இல் வில்லோடு சேர்ந்து, அலையின் மேற்சுரங்களையும் கணக்கிற் சேர்த்தால் திணிவின் எல்லை எவ்வளவு இறுகும் என ஆராய்ந்தார். கருவி செய்தோரின் பெயர்களே செய்தித்தாளில் இடம்பெறுகின்றன. தாளும் பென்சிலுங் கொண்டு பவனியின் ஒழுங்கை எழுதிவைத்தோர் இன்றேல் கருவி பதிந்தது வெறும் நடுக்கமே.

2021 ஆம் ஆண்டளவில் தொண்ணூறு நிகழ்ச்சிகள் பட்டியலில் ஏறிவிட்டன. அவற்றுள் தக்கன பலவற்றை ஒருங்கே ஆராய்ந்து பெற்ற எல்லை, முதல் நிகழ்ச்சி தந்ததிலும் ஒன்பது மடங்குக்குமேல் இறுக்கமானது. இலத்திரனின் திணிவை, 4 இன் பின் 28 பூச்சியமிட்ட எண்ணால் வகுத்தால் வருவது யாதோ அதனினும் ஈர்ப்புத் துணிக்கையின் திணிவு கூடியிராது. இது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நம்பகத்துடன் கூறப்பட்டது. இதற்கு ஒத்த அலைநீளம் ஏறத்தாழப் பத்து ஒளியாண்டு. இரவு வானில் மிக்க ஒளியுடன் தோன்றும் சிரியசு விண்மீன் 8.6 ஒளியாண்டில் உள்ளது. அத்தூரத்திலும் இவ்வலைநீளம் சற்றே கூடியது. விண்மீன் கூட்டங்களின் பெருந்தொகுதிகளைக் கொண்டு இதனினும் பன்மடங்கு இறுகிய எல்லைகளைக் கூறியோரும் உளர். அவை கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருள் எங்கெங்கே எவ்வளவு உண்டு என்னும் ஊகத்தில் தங்கியவை. ஆதலால் ஈர்ப்பலை தந்த எல்லையையே நான் மேலாக மதிக்கின்றேன்.

மாணவர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். திணிவு பூச்சியம் என்று எந்தச் சோதனையும் நிறுவவில்லை, நிறுவவும் முடியாது. இவ்வளவினும் மேற்படாது என்பதே சோதனையின் கூற்று. ஞாலம் விரைவுற்று விரிதலை ஈர்ப்புத் துணிக்கையின் திணிவைக்கொண்டு விளக்க முயலும் கொள்கைகள் சில உள. 1939 இல் பியர்ஸ், பவுலி என்னும் இருவர் தொடக்கிய கணிப்பை, 2010 இல் தெ ராம், கபதாட்சே, தோலி என்போர் புதுக்கி அமைத்தனர். அவர்க்கு வேண்டிய திணிவு இன்றைய எல்லையிலும் ஏறக்குறைய ஆயிரங்கோடி மடங்கு சிறியது. எனவே அவ்வாயில் இன்னும் அடைபடவில்லை. பூச்சியமே என்று அறுதியிட்டுப் பேசுவோர் சோதனையைக் கூறவில்லை. தம் நம்பிக்கையைக் கூறுகின்றனர்.

கதியைப்பற்றிய சோதனை வேறொரு நாளில் வாய்த்தது. 2017 ஓகத்து 17, நம் நேரம் மாலை 6 மணி 11 நிமிடம். 13 கோடி ஒளியாண்டுக்கப்பால், ஐதரா உடுத்தொகுதியின் திசையிலுள்ள விண்மீன் கூட்டமொன்றில், இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதின. கருந்துளைகள் மோதினால் இருளே மிஞ்சும். நியூத்திரன் விண்மீன்கள் மோதினாலோ ஒளியும் பிறக்கும். ஈர்ப்பலை வந்து 1.7 செக்கன் கழித்துக் காமாக் கதிர்கள் பேர்மி என்னும் செயற்கைக் கோளை அடைந்தன. 13 கோடி ஆண்டு ஓடி, 1.7 செக்கன் இடைவெளியில் இரண்டும் முடிவை அடைந்தன! கதிர்கள் மோதற் கணத்திலேயே புறப்பட்டனவா, பத்துச் செக்கன் பிந்திப் புறப்பட்டனவா என்பதை அறியோம். இரண்டுக்கும் இடங்கொடுத்துக் கணித்தபோதும், ஈர்ப்பின் கதி ஒளியின் கதியிலிருந்து ஆயிரங்கோடிக்கு இலட்சம் மடங்கான எண்ணில் மூன்று பங்குக்குமேல் வேறுபடாது என்று பெறப்பட்டது.

அந்த 1.7 செக்கன் எத்தனை கொள்கைகளை வீழ்த்தியது என்பதை அத்துறையார் இன்றும் வியந்து பேசுவர். ஞாலத்தின் விரைவுக்கு ஈர்ப்பின் விதியையே மாற்றி விளக்கந்தர எழுந்த கொள்கைகளுட் பல, ஈர்ப்பலை ஒளியினும் வேறான கதியிற் செல்லும் என்று கூறியிருந்தன. ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதப்பட்ட அக்கட்டுரைகள் ஒருநாள் மாலையிற் பயனற்றுப் போயின. எழுதியோருட் சிலரே அதனை முதலில் எடுத்துக்கூறியதும் உண்டு. இச்சோதனை கதிக்குக் கூரியது. திணிவுக்கு அத்துணைக் கூரியதன்று. இதைக்கொண்டு மட்டும் திணிவைக் கணித்தால், வரும் எல்லை தேர்ப்பவனி முறை தந்ததிலும் ஆயிரம் மடங்குக்குமேல் தளர்ந்ததாகும்.

மூன்றாவது இயல்பாகிய கறங்கலை விளக்குவது சற்றுக் கடினம். பூசைக்குரிய பொருள்களையே எடுத்துக்கொள்வோம். வட்டமான தாம்பாளத்தை எவ்வளவு திருப்பினும் அது முன்போலவே தோன்றும். இது கறங்கல் 0. வேலைத் திருப்பினால், முழுச் சுற்று முடிந்த பின்னரே பழைய தோற்றம் மீளும்; இது கறங்கல் 1, போட்டனுக்கு உரியது. நீள்வட்டத் தாம்பாளத்தை அரைச் சுற்றுத் திருப்பினாலே பழைய தோற்றம் வந்துவிடும். இது கறங்கல் 2. ஈர்ப்பலை நமக்கு நேரே வரும்போது, வட்டமாய் அடுக்கிய மணிகளை ஒருதிசையில் நீட்டி மறுதிசையில் ஒடுக்கி நீள்வட்டமாக்கும்; பின் அதனையே மாற்றிச் செய்யும். இவ்வாறு நீளும் திசைகளில் ஒன்றுக்கொன்று 45 பாகை சரிந்த இருவகை உண்டு. இவையே ஈர்ப்பலையின் இரு முனைவாக்கங்கள். கறங்கல் வேறாயின் அலை மணிகளை அசைக்கும் முறையும் வேறாகும். திணிவு இருப்பின் இரண்டன்றி ஐந்து முறைகள் தோன்றும்.

இதனைப் பிரித்தறிய அமெரிக்கக் கருவிகள் இரண்டும் போதா. அவை ஏறக்குறைய ஒரே பாங்கில் நிறுத்தப்பட்டவை. ஒன்று காண்பதையே மற்றதும் காணும். இத்தாலியிற் பீசா நகருக்கணித்தாயுள்ள வேர்கோக் கருவி 2017 ஓகத்தில் உடன்சேர்ந்த பின்னரே சோதனை கைகூடிற்று. நியூத்திரன் விண்மீன்களின் மோதல் வானில் எவ்விடத்தில் நிகழ்ந்தது என்பது ஒளியாலே திட்டமாய்த் தெரிந்திருந்தமையால் விடை உறுதியாயிற்று: கறங்கல் 2 இற்குரிய முனைவாக்கம், ஏனைய இரண்டினும், 1 இன் பின் 20 பூச்சியமிட்ட எண்ணுக்கு மேற்பட்ட மடங்கு பொருத்தமானது. எனினும் இது முழுதும் கறங்கல் 2 அல்லது முழுதும் மற்றொன்று என்று ஒப்பிட்ட கணக்கு. சிறு கலப்பு உண்டோ என்பதற்கு மேலுங் கருவிகள் வெவ்வேறு பாங்கில் வேண்டும். அவற்றுள் ஒன்று நமக்கு அயலிலேயே எழவிருக்கின்றது. மகாராட்டிரத்து ஹிங்கோலி மாவட்டத்தில், சோதிலிங்கத் தலமெனப் போற்றப்படும் ஔந்தா நாகநாதம் அருகே அமையும் இந்திய லைகோவுக்கு 2023 ஏப்ரிலில் இந்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபா அனுமதித்தது.

கருந்துளைக் கணிதத்தைப்பற்றி எழுதும்போது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர் ஒருவரைக் குறியாது விடலாகாது. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1922 முதல் 1925 வரை அங்குப் பயின்று, பின் சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்று, 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். தம் அறுபதுகளில், பிறர் ஓய்வுகொள்ளும் பருவத்தில், கருந்துளைகளின் கணிதத்தைக் கையிலெடுத்தார். தட்டிய மணி ஒலித்து அடங்குவதுபோலக் கருந்துளையும் அதிர்ந்து அடங்கும் என்று 1970 இல் கன்னட நாட்டு அறிஞர் விசுவேசுவரா காட்டியிருந்தார். அவ்வதிர்வின் சுரங்களைச் சந்திரசேகரும் டெட்வைலரும் 1975 இல் எண்களாற் கணித்தனர். சந்திரசேகரின் பெருநூல் 1983 இல் வெளிவந்தது. நோபெல் பரிசும் அவ்வாண்டே வந்தது. 2025 ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று, சனவரி 14, நம் நேரம் பிற்பகல் 1 மணி 52 நிமிடத்தில் வந்த ஈர்ப்பலை இதுவரை வந்தவற்றுள் மிகத் தெளிவானது. அடங்கும் ஒலியில் இரு சுரங்களைப் பிரித்தறிந்தனர். இரண்டும் கணித்தபடியே இருந்தன. மோதுமுன் இரு கருந்துளைகளின் மேற்பரப்பும் கூடி ஏறக்குறைய 2,40,000 சதுரக் கிலோமீற்றர், மோதியபின் 4,00,000. நம் தீவைப்போல ஆறு மடங்கு.

இத்தனையும் அலையைக் கொண்டு துணிக்கையை அளந்தனவே. துணிக்கை ஒன்றைத் தனியே பிடித்தல் கூடுமா? 2015 இன் நிகழ்ச்சியில் வெளிப்பட்ட சத்தியை, செக்கனுக்கு 100 அதிர்வுடைய ஒரு துணிக்கையின் சத்தியால் வகுத்தால், 8 இன் பின் 78 பூச்சியமிட்ட எண் வருகின்றது. அத்தனை துணிக்கைகளுள் ஒன்றைப் பிடிக்கும் லைகோபோன்ற கருவியை நினைவிற் கட்டிப்பார்த்த பிரீமன் டைசன், அக்கருவி தன் பாரந் தாங்காது தானே கருந்துளையாகிவிடும் என்று காட்டினார். 2024 இல் பிக்கோவ்ஸ்கி முதலியோர் வேறொரு வழி கூறினர். உலோகத் தண்டு ஒன்றை, அதிர்வெல்லாம் அடங்கிக் கடைநிலையில் நிற்கும் வரை குளிர்வித்து, ஈர்ப்பலை கடக்கும் வேளையில் அது ஒரேயொரு சத்திச் சொட்டை ஏற்று ஒருபடி உயர்கின்றதா என நோக்கவேண்டும். அதே கணத்தில் லைகோவும் அலையைக் கண்டிருப்பின், தண்டு விழுங்கியது ஓர் ஈர்ப்புத் துணிக்கையே என்று கொள்ளலாம். அப்போதும் ஐயுறுவார் இருப்பர். ஐன்ஸ்தைன் 1905 இல் ஒளித்துணிக்கையைக் கூறியபின்னும், 1923 இல் கொம்ப்டனின் சோதனை வரும்வரை அதனை ஏலாதவரே பலர்.